வானம் பச்சை, தரை? சிவகாசியில் ஒரு ட்ரோன் வக்கீலுக்கு என்ன வேலை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு வேலையைப் பற்றி. விமானச் சட்டம், ட்ரோன் சட்டம் இதையே முழுநேரமா பார்க்கிற வக்கீல்கள் இருக்காங்க. அவங்க என்னதான் பண்றாங்க?

இப்படிச் சொன்னதும் டெல்லியிலயோ மும்பையிலயோ ஒரு கண்ணாடிக் கட்டடம், உள்ளே கோட்டு போட்டவங்க, மேஜை மேல விமானக் குத்தகைப் பத்திரம், இதுதான் நம்ம மனசுல வரும். அதுவும் உண்மைதான். ஆனா நான் இந்த வேலையைச் சிவகாசியில் வைத்து விளக்கப் போறேன். ஏன்னா, ட்ரோன் சட்டம் எங்கே முடியுது, வக்கீலோட வேலை எங்கே ஆரம்பிக்குதுன்னு இவ்வளவு தெளிவா காட்டுற ஊர் வேற எதுவும் எனக்குத் தோணல.

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்குவோம். நீங்க ஒரு ட்ரோன் பைலட். கல்யாணம், கோயில் திருவிழா, ரியல் எஸ்டேட் வீடியோன்னு எடுத்துட்டு இருக்கீங்க. வெம்பக்கோட்டை பக்கத்துல ஒரு பட்டாசு ஆலை ஓனர் கூப்பிடுறார். "தம்பி, நம்ம ஆலையை மேல இருந்து ஒரு ரவுண்டு எடுத்துக் குடுங்க. கம்பெனி வீடியோவுக்கு வேணும்." நீங்க மேப்பைப் பார்க்குறீங்க. பச்சை. அப்போ போய் பறக்க விட்டுடலாமா?

இந்த ஒரு கேள்வியை வைத்தே முழு எபிசோடையும் ஓட்டலாம்.

வானம் கேட்கிற கேள்வி

முதல்ல அந்தப் பச்சைன்னா என்னன்னு பார்ப்போம்.

ஆளில்லா விமானம் பற்றிய சட்டம் நாம நினைக்கிறதை விட பழசு. 1944 டிசம்பர் 7-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் இன்னைக்கும் உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை. அதோட 8-வது பிரிவே பைலட் இல்லாத விமானத்தைப் பற்றிப் பேசுது. இன்னொரு நாட்டு வானத்துல அதைப் பறக்க விடணும்னா அந்த நாட்டோட சிறப்பு அனுமதி வேணும்னு அப்பவே எழுதி வச்சுட்டாங்க.

இந்தியாவுல கதை 2014-ல் சூடு பிடிச்சது. அந்த வருஷம் அக்டோபர்ல, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, பொதுமக்கள் ட்ரோன் பறக்க விடக் கூடாதுன்னு ஒரு அறிவிப்பு கொடுத்தது. 2018 டிசம்பர் 1 முதல், 'அனுமதி இல்லையேல் பறப்பு இல்லை' என்ற முறையோட விதிகள் வந்தன. 2021 மார்ச்சில் இன்னொரு விதித் தொகுப்பு வந்தது. அது ரொம்பக் கடுமைன்னு எதிர்ப்பு கிளம்ப, அதே வருஷம் ஆகஸ்ட் 25-ல் இப்போ இருக்கிற ட்ரோன் விதிகள் 2021 வந்தன. படிவங்கள் 25-ல் இருந்து 5 ஆச்சு. கட்டண வகைகள் 72-ல் இருந்து 4 ஆச்சு.

இந்த விதிகள் ட்ரோனை எடை வாரியா பிரிக்குது. 250 கிராம் வரை நானோ. அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. 150 கிலோ வரை நடுத்தரம். அதுக்கு மேல பெரியது. நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவுக்கும், வியாபார நோக்கம் இல்லைன்னா, வேண்டாம். நம்ம பைலட் காசு வாங்கிட்டு எடுக்கிறார். அதனால மைக்ரோ ட்ரோனா இருந்தாலும் அவருக்குச் சான்றிதழ் கட்டாயம்.

அடுத்தது வானம் மூணு நிறம். பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வாங்காம பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும் 200 அடி வரைதான் பச்சை. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள்கிட்ட அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி வேணும்.

சிவகாசியில் இருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டுல அளந்தாலே 50 கிலோமீட்டருக்கு மேல. தூத்துக்குடி இன்னும் தூரம். அதனால அந்த விமான நிலைய வளையங்கள் இந்தப் பக்கம் எட்டாது. 'பட்டாசு ஆலைக்கு மேல பறக்கக் கூடாது'ன்னு ட்ரோன் விதிகள்ல தனியா ஒரு வரியும் கிடையாது.

ஆனா மேப்பை நேத்து பார்த்தேன், போன மாசம் பார்த்தேன்னு சொன்னா செல்லாது. ஒவ்வொரு தடவை பறக்குறதுக்கு முன்னாடியும் டிஜிட்டல் ஸ்கை தளத்துல புதுசா ஏதாவது தடை இருக்கான்னு பார்க்கணும்னு விதியே சொல்லுது. ஏன்னா மாநில அரசோ காவல்துறையோ அவசரத் தேவைன்னா ஒரு இடத்தைத் தற்காலிகமா சிவப்பு மண்டலம் ஆக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். எஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கணும். இது போக, முக்கியப் பிரமுகர் வருகையின்போது மாவட்ட நிர்வாகம் தனியா தடை உத்தரவு போடுறதும் உண்டு. அது பத்திரிகைச் செய்தியா வரும், மேப்ல வரணும்னு இல்ல. அதனால வக்கீல் ரெண்டையும் பார்ப்பார்.

சரி, எல்லாம் பார்த்தாச்சு. இன்னைக்குப் பச்சை. பைலட் சான்றிதழ் இருக்கு. ட்ரோனுக்குத் தனி அடையாள எண் இருக்கு. மூன்றாம் நபர் காப்பீடு இருக்கு. இதுவரைக்கும் ஒரு நல்ல செயலியே சொல்லிடும். வக்கீல் தேவையில்லை. இதுக்கு அடுத்த அடியிலதான் வக்கீல் வர்றார்.

தரை கேட்கிற கேள்வி

மென்பொருள்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பச்சை மண்டலம்ங்கிறது ஒரே ஒரு சர்வர் கொடுக்கிற பதில். "என் பக்கம் ஆட்சேபணை இல்லை"ன்னு வானம் சொல்லுது. மத்த சர்வர்களை நீங்க இன்னும் கேட்கவே இல்லை.

ட்ரோன் விதிகள் வந்தப்போ மத்திய அரசு வெளியிட்ட விளக்கத்துலயே இது இருக்கு. ட்ரோன் விதிகளை மீறினா அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய். ஆனா இந்த உச்சவரம்பு, மற்ற சட்டங்களை மீறுறதுக்கான தண்டனைக்குப் பொருந்தாது. பலரும் முதல் பாதியை மட்டும் படிச்சுட்டு "மிஞ்சிப் போனா ஒரு லட்சம்தானே"ன்னு போயிடுவாங்க. வக்கீலுக்குச் சம்பளமே அந்த ரெண்டாவது பாதிக்குத்தான்.

சிவகாசியில் அந்த மற்ற சட்டம் எது? 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம். அதுக்குக் கீழ 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகள். இதை நடத்துறது பெசோ என்கிற மத்திய அமைப்பு. தலைமையகம் நாக்பூர்ல. சிவகாசியிலயே அதுக்கு ஒரு அலுவலகம் இருக்கு. ஒவ்வொரு ஆலைக்கும் உரிமம் தரும்போது வரைபடம் ஒன்றை அங்கீகரிப்பாங்க. எந்த அறை எங்கே, ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் எவ்வளவு இடைவெளி, எது மருந்து கலக்கிற அறை, எது காய வைக்கும் தளம், எல்லாம் அதுல இருக்கும். ஒரு உற்பத்தி அறையில் 4 பேருக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விதி. தீயை உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் வெடிபொருள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல வரக் கூடாதுங்கிறது இன்னொரு அடிப்படை விதி.

இப்போ ட்ரோனைப் பாருங்க. உள்ளே லித்தியம் பேட்டரி. அடி பட்டா, நசுங்கினா தீப்பிடிக்கும். மோட்டார், வயர், ரேடியோ சிக்னல் எல்லாம் இருக்கு. இறக்கை சுத்துற வேகத்துல கீழ் நோக்கி அடிக்கிற காத்து வேற. காய வைக்கும் தளத்துக்கு மேல தாழ்வா போனா, காய்ஞ்ச மருந்துத் தூளை அது கிளப்பிவிடும். உராய்வுக்கும் நிலைமின்சாரத்துக்கும் பயந்து பருத்தி உடை போட்டு வேலை செய்யணும்னு சொல்ற இடம் இது. அங்கே 120 மீட்டர் உயரத்துல இருந்து ஒரு பேட்டரி விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக, நம்ம பைலட் வானச் சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மீறாமலேயே, தரைச் சட்டத்துல பெரிய வம்பில் மாட்டலாம். ஆலை உரிமையாளரோட உரிமமும் ஆபத்துல போகலாம்.

வக்கீல் இங்கே என்ன பண்ணுவார்? "பண்ணாதீங்க"ன்னு மட்டும் சொன்னா அது பாதி வேலைதான். எப்படிப் பண்ணலாம்னு சொல்றதுதான் முழு வேலை. முதல் கேள்வி, ஆலை ஓடாத நாள்ல எடுக்க முடியுமா? மருந்து கலவை இல்லாத, சரக்கு இல்லாத நேரம் எது? வெடிபொருள் அதிகாரிங்ககிட்ட எழுத்துல கேட்டு பதில் வாங்கலாமா? ஆலைக்கு உள்ளே நின்னு பறக்க விடாம, எல்லைக்கு வெளியே, பாதுகாப்பு இடைவெளியைத் தாண்டி நின்னு சாய்வா எடுத்தா போதுமா? கட்டடங்களுக்கு நேர் மேல போகாத மாதிரி முன்கூட்டியே பாதையைப் போட்டு வைக்கலாமா?

அடுத்தது காப்பீடு. நானோ தவிர மத்த ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேணும், மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கிற மாதிரி. ஆனா அந்தப் பாலிசியில் வெடிபொருள் இருக்கிற இடம் விலக்கப்பட்டிருக்கான்னு யாராவது படிச்சுப் பார்த்திருப்போமா? விபத்து நடந்த பிறகு படிச்சா பிரயோஜனம் இல்லை. அப்புறம் ஒப்பந்தம். ஏதாவது ஆனா யார் பொறுப்பு, பைலட்டா, ஓனரா, நடுவுல இருக்கிற விளம்பரக் கம்பெனியா? வாட்ஸ்அப்ல "ஓகே அண்ணே"ன்னு அனுப்பினதை ஒப்பந்தமா நீட்டிக்கிட்டு கோர்ட்டுல நிக்க முடியாது. ட்ரோன் விபத்து நடந்தா 48 மணி நேரத்துக்குள்ள தளத்துல தெரிவிக்கணும்ங்கிற கடமையும் யாரோடதுன்னு எழுதி வைக்கணும்.

சுமை கேட்கிற கேள்வி

தீபாவளி வந்தா இன்னொரு ஆசை வரும். ட்ரோன்ல ஒரு ராக்கெட்டையோ மத்தாப்பையோ கட்டி மேல அனுப்பி, அங்கே பத்த வச்சு ரீல்ஸ் போடுறது. வெளிநாட்டு வீடியோ ஒண்ணைப் பார்த்து "நம்ம ஊர்ல இல்லாத பட்டாசா?"ன்னு தோணும்.

இது சட்டப்படி முழுக்க வேற விஷயம். ட்ரோன்ல அபாயகரமான பொருள் கொண்டு போகணும்னா, 2003-ம் வருஷத்து விமானத்தில் அபாயகரமான பொருட்கள் கொண்டு செல்லும் விதிகளுக்கு உட்பட்டுத்தான் கொண்டு போகணும்னு ட்ரோன் விதிகள் சொல்லுது. பயணிகள் விமானத்துல நம்ம பையில பட்டாசு கொண்டு போக முடியாது இல்லையா, அதே குடும்பத்து விதிகள்தான். பட்டாசை ஐ.நா. வகைப்பாட்டுல முதலாம் வகுப்புல, வெடிபொருளாத்தான் வச்சிருக்காங்க. கடையில சும்மா வாங்கின சரவெடிதானேங்கிற நினைப்பு, அது பறக்க ஆரம்பிச்ச நிமிஷமே மாறணும்.

"என் ட்ரோன் 250 கிராமுக்குக் கீழ, எனக்குச் சட்டமே கிடையாது"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நானோவுக்குச் சில சலுகை உண்டு. பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம். ஆனா மண்டலக் கட்டுப்பாடும், சுமைக் கட்டுப்பாடும் எடை குறைஞ்சதால காணாமப் போகாது. ஒரு தீப்பொறிக்கு எடை ஏது?

படம் கேட்கிற கேள்வி

இதுவரைக்கும் விளம்பர வீடியோ. இப்போ கொஞ்சம் கனமான இடத்துக்குப் போவோம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டியில ஒரு ஆலையில் பெரிய வெடிவிபத்து. சுமார் 40 பேர் இறந்தாங்க. அதுல நிறைய பேர் அந்த ஆலைத் தொழிலாளிங்க இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி பண்ணவும் பார்க்கவும் ஓடி வந்தவங்க. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இன்னொரு விபத்து. 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே முன்வந்து அந்த விவகாரத்தை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் ஒரு குழு போட்டது. இந்த மாதிரி விபத்து ஒவ்வொண்ணுக்குப் பிறகும் அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப பேசப்படுறது மூணு விஷயம். உரிமம் ஒருத்தர் பேர்ல இருக்கும், உள்குத்தகைக்கு வேற ஆட்கள் எடுத்து ஓட்டுவாங்க. 4 பேர் இருக்க வேண்டிய அறையில கூடுதல் ஆள் இருப்பாங்க. அறைக்கு வெளியே, மரத்தடியில வேலை நடக்கும்.

இதுல உள்குத்தகையை ட்ரோனால பார்க்க முடியாது. அது காகிதத்துல மறைஞ்சிருக்கு. ஆனா மத்த ரெண்டையும், குறைஞ்சபட்சம் வெளியே நடக்கிறதை, மேல இருந்து பார்த்தா தெரியும். மரத்தடி வேலை, அங்கீகரிச்ச வரைபடத்துல இல்லாத கொட்டகை, தளத்துக்கு வெளியே காயப் போட்ட சரக்கு. அதனாலதான் ட்ரோன் வச்சுக் கண்காணிக்கலாமேங்கிற யோசனை வருது. நியாயமான யோசனை. விபத்துக்குப் பிறகு உள்ளே மனுஷனை அனுப்பாம முதல்ல ஒரு ட்ரோனைத் தூரத்துல இருந்து அனுப்பிப் பார்க்கலாம்ங்கிறதும் நியாயம்தான்.

ஆனா எடுத்த படம் கோர்ட்டுல நிக்குமா? இதுக்கு வக்கீல் ரெண்டு பக்கமும் வேணும், அரசுத் தரப்புக்கும் ஆலைத் தரப்புக்கும்.

ஆலைத் தரப்பு வக்கீல் முதல்ல கேட்பார்: பறக்க விட்டது யாரு? பைலட் சான்றிதழ் எங்கே? ட்ரோனோட அடையாள எண் என்ன? ட்ரோன் விதிகள்ல நேரடியா விலக்கு இருக்கிறது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத்தான். மத்திய அரசு தனியா விலக்கு கொடுத்தா ஒழிய, காவல்துறை ட்ரோனும் விதிக்குள்ளதான் வரும்.

அடுத்த கேள்வி: வெடிபொருள் சட்டப்படி அதிகாரம் பெற்ற அதிகாரி ஆலைக்குள்ள வந்து சோதனை போடலாம். ஆனா வராமலேயே மேல இருந்து படம் எடுக்கிறது சோதனையா, இல்லையா?

இதே கேள்வி அமெரிக்காவுல ட்ரோனுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. மிச்சிகன் மாநிலம் மிட்லண்ட் நகர்ல டவ் கெமிக்கல் கம்பெனியோட பெரிய ஆலை. சுற்றுச்சூழல் அமைப்பு ரெண்டாவது தடவை சோதனைக்கு வரணும்னு கேட்டப்போ கம்பெனி மறுத்தது. அமைப்பு கோர்ட்டு வாரன்ட் வாங்கப் போகலை. ஒரு தனியார் வான்படக்காரரை அமர்த்தி, சட்டப்படி பறக்கக்கூடிய வானத்துல இருந்தே ஆலையைப் படம் எடுத்தது. கம்பெனி வழக்கு போட்டது. 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்குல, அது அரசியல் சாசனம் தடுக்கிற சோதனை ஆகாதுன்னு சொன்னது. 2024-ல் அதே மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு ட்ரோன் வழக்கு வந்தது. ஒருத்தர் நிலத்துல பழைய வண்டிகள், சாமான்கள் குவிஞ்சு கிடக்குதுன்னு உள்ளாட்சி அமைப்பு வாரன்ட் இல்லாம ட்ரோன்ல படம் எடுத்திருந்தது. அது குற்ற வழக்கு இல்லை, சிவில் நடவடிக்கை. அதனால அந்தப் படங்களை ஒதுக்கத் தேவையில்லைன்னு தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்புகள் நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனா வாதம் எப்படி ஓடும்னு காட்டும். நம்ம நாட்டுல, ஆதாரம் சட்டவிரோதமா கிடைச்சதுங்கிற ஒரே காரணத்துக்காக அதைத் தூக்கிப் போட மாட்டாங்க. வழக்குக்குச் சம்பந்தம் இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. பூரண்மல் வழக்குல 1973-லயே உச்ச நீதிமன்றம் இந்தப் பாதையைக் காட்டிடுச்சு. ஆக, "பைலட்டுக்குச் சான்றிதழ் இல்லை, படத்தைக் குப்பையில போடுங்க"ன்னு ஆலைத் தரப்பு சுலபமா ஜெயிச்சிட முடியாது.

அப்போ அரசுத் தரப்பு எங்கே கோட்டை விடும்? மின்னணு ஆதாரத்துல. 2014-ல் அன்வர் வழக்கு, 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு. ரெண்டுலயும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மூலக் கருவியையே கொண்டு வந்து நிரூபிக்கலைன்னா, மின்னணுப் பதிவோட நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்துல இது 63-வது பிரிவு. இப்போ அந்தச் சான்றிதழ் படிவத்துல ஹேஷ் மதிப்பையும் எழுதணும். நம்ம ஆட்கள் கேட்டதும் சிரிப்பீங்க, எஸ்எச்ஏ 256 எல்லாம் சட்டப் படிவத்துல வந்தாச்சு.

இதோட அர்த்தம் என்ன? ட்ரோன் தரையிறங்கின உடனே, அந்த மெமரி கார்டு யார் கையில போச்சு, எப்போ நகல் எடுத்தாங்க, நகலோட ஹேஷ் என்ன, இதையெல்லாம் அப்பவே எழுதி வைக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, அங்கே சுருங்கி, அங்கிருந்து இறக்கிக் கொண்டு வந்த வீடியோவுக்கு அந்த ஹேஷ் பொருந்தாது. மரத்தடியில அளவுக்கு மீறி ஆட்கள் உட்கார்ந்து மருந்து அடைக்கிறது பளிச்சுன்னு படத்துல தெரியும். ஆனா வழக்கு, படம் எடுத்த பிறகு நடந்த அஜாக்கிரதையால விழும். அடுத்த வாரம் அதே மரத்தடியில அதே வேலை நடக்கும். பறக்குறதுக்கு முன்னாடியே அதிகாரிகளுக்கு உட்கார்ந்து நடைமுறை எழுதிக் கொடுக்கிற வக்கீல், ஒருவேளை ஒரு உயிரைக் காப்பாத்தலாம். அது யாருன்னு யாருக்கும் தெரியவும் தெரியாது.

படத்துல இருக்கிறவங்க

இன்னொரு தரப்பு இருக்கு. அவங்களுக்கு இந்தக் கதையில வக்கீலே இல்லை. கீழே வேலை பார்க்கிறவங்க. பட்டாசுத் தொழில்ல பெண்கள் நிறைய. ஓனர் வீடியோ எடுத்தாலும், அரசு எடுத்தாலும், படத்துல விழுறது அவங்கதான். யாரும் அவங்ககிட்ட கேட்கிறதில்லை.

2017 ஆகஸ்ட் 24-ல் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு புட்டசாமி வழக்குல சொல்லிடுச்சு. ஆனா ட்ரோன் விதிகள் 2021-ல் அந்தரங்கத்துக்குன்னு தனி அத்தியாயம் கிடையாது. அதனால வக்கீல் வேற சட்டங்கள்ல இருந்து அதைக் கொண்டு வரணும். ஒரு பெண்ணை அவளோட அந்தரங்கமான நேரத்துல படம் எடுத்தா அது பாரதிய நியாய சம்ஹிதையோட 77-வது பிரிவுல குற்றம். ஆலையில கழிப்பறை, உடை மாத்துற இடம் எங்கே இருக்குன்னு முன்னாடியே கேட்டு, அந்தப் பக்கம் கேமரா போகாத மாதிரி பாதை போடணும். விளம்பர வீடியோன்னா முகம் தெரியறவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும். கண்காணிப்பு வீடியோன்னா, அளவுக்கு மீறி ஆள் இருந்ததுக்குப் பொறுப்பு உரிமம் வச்சிருக்கிறவரும் குத்தகைக்காரரும்தான்னு வழக்கு தெளிவா சொல்லணும். கூலிக்கு வந்த அக்கா மேல அது திரும்பிடக் கூடாது.

இந்த வக்கீல் எங்கே கிடைப்பார்?

ட்ரோனுக்குன்னு தனி கோர்ட்டு கிடையாது. டிஜிசிஏ டெல்லியில. வெடிபொருள் தலைமையகம் நாக்பூர்ல. விருதுநகர் மாவட்டத்தோட மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. உயர் நீதிமன்றம்னா 2004-ல் தொடங்கின மதுரைக் கிளை. ஒரே ஒரு பறப்புக்கு இத்தனை ஊர்.

சட்டமும் நின்ன இடத்துல நிக்காது. 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலா 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்தாச்சு. 2022 பிப்ரவரியில முழுசா செஞ்ச வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. 2025 செப்டம்பர்ல ட்ரோனுக்குன்னு தனிச் சட்ட வரைவு ஒண்ணு வெளியிட்டுக் கருத்து கேட்டாங்க. இதையெல்லாம் தொடர்ந்து படிச்சுட்டு இருக்கிறதே பாதி வேலை.

நம்ம கேட்கிறவங்கள்ல இன்ஜினியரிங் முடிச்சவங்க அதிகம், அதனால இதைச் சொல்லணும். எந்தப் பட்டம் முடிச்சிருந்தாலும் 3 வருஷ எல்எல்பி படிச்சு, பார் கவுன்சில்ல பதிவு பண்ணி, அகில இந்திய பார் தேர்வு எழுதினா வக்கீல் ஆகலாம். ஹேஷ், டெலிமெட்ரி, ஜிபிஎஸ் லாக் இதெல்லாம் புரியற வக்கீலுக்கு இந்தத் துறையில நல்ல மதிப்பு இருக்கும்.

அதே நேரம் சிவகாசி, சாத்தூர் பக்கம் வருஷக்கணக்கா வெடிபொருள் உரிமம், ஆலை வழக்கு பார்த்துட்டு இருக்கிற வக்கீல்களுக்கு, தரைச் சட்டம் விரல் நுனியில இருக்கும். அது டெல்லி வக்கீலுக்கு அவ்வளவு சுலபமா வராது. ட்ரோன் விதிகள் ஒரு மாசம் உட்கார்ந்தா படிச்சிடலாம். மருந்து அறைக்கும் காய வைக்கும் தளத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வேணும், ஏன் வேணும்னு புரிய ஒரு தலைமுறை அனுபவம் வேணும். நாளைக்கு இந்த ஊர்ல நல்ல ட்ரோன் வக்கீல்னு பேர் எடுக்கப் போறவர், அவங்களோட ஜூனியரா இருந்து வந்தவரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம பைலட்டுக்குப் பதில்? மேப் பச்சையா இருந்தா, நாலு கேள்வியில ஒண்ணுக்கு மட்டும் பதில் கிடைச்சிருக்கு. மீதி மூணு: கீழே என்ன இருக்கு, ட்ரோன் எதைத் தூக்கிட்டுப் போகுது, எடுத்த படத்துல யார் இருக்காங்க, அது எங்கே போகுது. சிவகாசிக்கு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பெட்ரோல் கிடங்கு, எதுக்கு மேல பறந்தாலும் இதே கேள்விகள்தான். மத்த ஊர்கள்ல தப்பான பதிலுக்கு ஒரு நோட்டீஸ் வரும். இந்த ஊர்ல அதுக்கு வேற விலை.

இந்த எபிசோட் பொதுவான தகவலுக்கு மட்டும். உங்க கையில உண்மையான வேலை ஒண்ணு இருந்தா, பறக்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க. ட்ரோன் நண்பர் யாராவது இருந்தா, தீபாவளிக்கு முன்னாடியே இதை அவருக்கு அனுப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.